குஞ்சிதம் எண்ணிய உல்லங்கள்

ஆற்றில் தண்ணீர் வராத வருஷத்தில் மீன் வந்தது. ஆடி மாதம் இரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, டவுன் பஸ் ஆற்று மணலைக் குறுக்கே கடந்து எங்கள் ஊரான கழிமேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், கடல் இருக்கும் கிழக்குப் பக்கத்திலிருந்து உல்லம் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு குடம் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தன. டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, ஹாரன் அடிக்கலாமா என்று யோசித்து, அடிக்காமல் இருந்துவிட்டார். இருபது மீன் கடந்தபிறகு, "இன்னும் வருதா பாரு" என்று கேட்டார். கண்டக்டர் இறங்கி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு எட்டுன மட்டும் வருதுண்ணே" என்றார். அன்றைக்கு பஸ் நாற்பது நிமிஷம் தாமதம்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஆற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. கட்டியவர்கள் முதலில் மீனை மறந்துவிட்டார்கள். பிறகு ஞாபகம் வந்து, ஓரமாகப் பதினாறு படி வைத்து ஒரு மீன்படி கட்டினார்கள். கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் உல்லம் அந்தப் படிகளில் ஒவ்வொன்றாகத் தாவி ஏறி, இரண்டு மைல் மேலே இருக்கும் அம்மன் மடுவுக்குப் போய்ச் சேரவேண்டும், அதுதான் ஏற்பாடு. படியின் பக்கச் சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஓர் அறை, அறையில் ஒரு முக்காலி, முக்காலியில் ஆறு வருஷமாகக் குஞ்சிதம்.

மீன் எண்ணுவது அவள் வேலை. இரண்டு கையிலும் இரண்டு சின்ன இரும்புக் கருவி வைத்திருப்பாள். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் ஓர் எண் கூடும். நாங்கள் அதை டிக்டிக் என்போம். மேலே ஏறும் மீனுக்கு வலது கை, மனசு மாறிக் கீழே இறங்கும் மீனுக்கு இடது கை, சாயங்காலம் வலதிலிருந்து இடதைக் கழித்தால் அன்றைய கணக்கு. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக்கோடு ஒன்று உண்டு, மீனின் வால் கோட்டைத் தாண்டும்வரை விரல் அசையக்கூடாது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் மீன்துறையிலிருந்து வரும் ஞானதுரை என்கிற தூத்துக்குடிக்காரர். அவர் சொல்லிக் கொடுத்தவற்றில் அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டது ஒன்று: ஒரு தடவை எண்ணியது எண்ணிக்கை இல்லை, இரண்டு தடவை எண்ணி இரண்டும் ஒத்துப்போனால்தான் எண்ணிக்கை. அவள் தானாகச் சேர்த்துக்கொண்டதும் ஒன்று உண்டு. களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். ஒன்று என்று வாய்விட்டால் ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். குஞ்சிதமும் லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவாள்.

முதல் வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. அடுத்து நூற்று நாற்பது, அடுத்து முப்பத்தொன்று, அடுத்து ஒன்பது, போன வருஷம் லாபம் என்று ஆரம்பித்து ரெண்டோடு நின்றுபோனது. அறைச் சுவரில் ஓர் ஆணை ஒட்டியிருந்தது. அம்மன் மடுவில் ஐந்நூறு உல்லம் உயிரோடு எண்ணப்பட்டால், மேலே இருக்கும் பெரிய அணையைத் திறந்து மீனுக்கென்று பதினைந்து நாள் தண்ணீர் விடவேண்டும் என்பது அதன் சாரம். ஐந்நூறு எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில்தான் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். எங்கள் கிணறுகளில் உப்பு ஏறி இரண்டு வருஷமாகியிருந்தது. டேங்கர் லாரி நாலு நாளைக்கு ஒருமுறை வரும், வந்த அரைமணியில் காலியாகும். ஆறு வந்தால் கிணறு இனிக்கும், வராவிட்டால் அடுத்த ஆடிக்கு ஊரில் யார் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஆடியில் குஞ்சிதத்தின் வீட்டில் அவள் ஒரே மகள் மங்கையர்க்கரசி பிரசவத்துக்கு வந்திருந்தாள். முந்தைய முறை ஆறாம் மாதமே கரு தங்காமல் போனது. அதனால் இந்த முறை வளையல் போட்டு அழைத்துவந்த நாளிலிருந்து குஞ்சிதம் தினசரிக் காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருந்தாள். எத்தனை மாதம் என்று யாராவது கேட்டால், "ஆவுது" என்பாள். பிழைப்பே எண்ணுவதுதான் என்றாலும் வீட்டுக்குள் அவள் எதையும் எண்ணமாட்டாள். தட்டில் வைக்கிற இட்லியைக்கூட எண்ணாமல்தான் வைப்பாள்.

முதல் உல்லம் மீன்படியின் காய்ந்த முதல் படியில் ஏறியபோது குஞ்சிதம் முக்காலியில்தான் இருந்தாள். தண்ணீரில்லாத கண்ணாடிக்குப் பின்னால் மீன் தன் தண்ணீரோடு நின்று மூச்சு வாங்கியது, பிறகு வால் வெள்ளைக்கோட்டைத் தாண்டியது. "லாபம்" என்று சொல்லி வலது கட்டைவிரலை அழுத்தினாள். மத்தியானம் ஞானதுரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவதற்குள் எண்பத்து நாலு ஆகியிருந்தது. அவர் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதிவேட்டில் நீர்மட்டம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்றும் மீன் என்ற கட்டத்தில் 'உண்டு' என்றும் எழுதினார். பிறகு சட்டைக் கையை மடித்து, ஒரு மீனின் தண்ணீருக்குள் கைவிட்டு முதுகிலிருந்து ஒரு செதிலை நோகாமல் எடுத்து, லென்ஸில் வைத்துப் பார்த்தார்.

"செதில்ல வளையம் வளையமா இருக்கு பாத்தியளாக்கா? அதுல வயசு தெரியும். மூணு வயசு. ஒரு தடவ முட்டை போட்டிருந்தா வளையம் அரிச்சுத் தழும்பு விழுந்திருக்கும். இதுல தழும்பே இல்ல." இன்னும் பத்துச் செதில் எடுத்துப் பார்த்தார். "எல்லாத்துக்கும் இதுதாங்க்கா தலைப்பிரசவம். மூணு வருசத்துக்கு முந்தி முப்பத்தொண்ணு எண்ணுனியள்ல, அதுக போட்ட பிள்ளைக."

இதை அவர் சொன்னபோது டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் பட்டம்மாள். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவள், அவள் காதில் விழுந்த செய்தி ஊருக்குப் போய்ச்சேர தண்டோரா வேண்டாம். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. வந்திருப்பது மீன் இல்லை, தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளைகள். அதன்பிறகு எங்களுக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. ஆண் மீனும் கூட வந்திருக்கும். எங்கள் ஊரில் பிரசவ வீட்டில் ஆம்பிளைகளை யார் கவனிக்கிறார்கள்?

ஆறு அணைக்கு மேலே வளைகிற இடத்தில் சீமைக் கருவேலம் அடைத்துக் கிடந்ததால் உல்லங்கள் கரையேறி எங்கள் பெரியதெரு வழியாகவே மடுவுக்குப் போயின. நாங்கள் தெருவில் நின்ற சைக்கிள்களை உள்ளே எடுத்தோம், கோழிகளைக் கூடையில் கவிழ்த்தோம், கொடியில் புடவை காயப்போட்டவர்கள் உயர்த்திக் கட்டினோம். பெண்கள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று, பிள்ளைத்தாச்சி களைத்துவிடும் என்று சொல்லி, மீன் ஏறுகிற வேகத்துக்குத் தட்டைச் சீக்கிரம் சீக்கிரமாகச் சுற்றினார்கள். சித்ரான்னம் கிளறி வாசலில் வைத்தார்கள், மீன் சாப்பிடாது என்று தெரிந்ததும் தாங்களே சாப்பிட்டார்கள். உல்லம் சினைக்குழம்புக்குச் சொத்தை எழுதிவைக்கிற ஊர் எங்களுடையது, ஆனால் அந்த வருஷம் ஒரு வீட்டிலும் அதற்குப் புளி கரைக்கவில்லை. இதுவரை நாங்கள் நல்லவர்கள்தான்.

தண்ணீரை முதலில் தொட்டது யார் என்று கேட்டால் இன்றும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ஆரத்தி எடுத்த ஒருத்தியின் விரல் பட்டிருக்கலாம், அந்த விரல் நாக்கில் பட்டிருக்கலாம். கடலிலிருந்து கிளம்பும்போது உப்பாக இருந்த தண்ணீர் ஏற ஏற இனிப்பாகி, எங்கள் தெருவுக்கு வரும்போது இளநீரைப்போல் இருந்தது என்பது மட்டும் இரண்டாம் நாள் காலைக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு சொம்பு எடுத்தால் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் தாழ்ந்து போனது, அவ்வளவுதான். இரண்டு சொம்பு எடுத்தால் தரையை ஒட்டிப் போனது. நாங்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு சொம்புதான் எடுத்தோம். தெருவில் எத்தனை வீடு என்று மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மேலக்கோடியில், கடைசி வீட்டுக்கு அப்பால், மீன்கள் மண்ணில் படுத்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதை அந்தக் கோடிக்காரர்கள் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் வாழைக்கொல்லையில் குழி வெட்டினார்கள்.

ஞானதுரை மடுவில் உட்கார்ந்து எண்ணினார், குஞ்சிதம் படியில் உட்கார்ந்து எண்ணினாள். நாலாம் நாள் அவர் மஞ்சள் நிறத்தில் ஐம்பது மெல்லிய நாடா கொண்டுவந்து கொடுத்தார். ஏறிவரும் ஐம்பது மீனின் முதுகுத் துடுப்பில் அவள் ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டாள். மஞ்சள் கயிறு கட்டுகிறார்கள், நல்லதுதான் என்று எங்கள் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். அது எங்களைப் பிடிக்க வைத்த கண்ணி என்பது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானம் ஞானதுரை தெருவழியாக நடந்தே வந்து பட்டம்மாளின் கடையில் உட்கார்ந்தார்.

"ஐம்பதுக்குக் கட்டுனோம். முப்பதுதான் மடுவுக்கு வந்துச்சு. படிக்கும் மடுவுக்கும் நடுவுல கொக்கும் இல்ல, வலையும் இல்ல. நடுவுல இருக்கது உங்க தெரு ஒண்ணுதான். அம்பதுல இருவது எங்க போச்சு?"

நாங்கள் டீயை ஊதிக் குடித்தோம். சுடவே சுடாத டீயையும் ஊதினோம்.

"நான் போலீஸ் இல்ல. கூட்டிக் கழிக்கிறவன். இப்படியே போனா ஐந்நூறு வராது. ஐந்நூறு வரலைன்னா ஆறு வராது, அவ்வளவுதான்" என்றார். அவர் எழுந்து போனபிறகு நாங்கள் எங்களைப் பற்றிப் பேசவில்லை, குஞ்சிதத்தைப் பற்றிப் பேசினோம்.

பயம் வந்தால் பழியை எங்கே வைப்பது என்று கை தேடும். பிள்ளைத்தாச்சியைத் தலை எண்ணினால் கண்ணேறு படும் என்று எங்கள் ஊரில் ஊமைக்குக்கூடத் தெரியும். இவள் தினம் காலையிலிருந்து சாயங்காலம்வரை பிள்ளைத்தாச்சிகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு, டிக்டிக் என்று எண்ணுகிறாள், மீன் விழாமல் என்ன செய்யும்? இதைச் சொல்லிச் சொல்லி நாங்களே நம்பிவிட்டோம். அடுத்த நாள் காலை பட்டம்மாள் நாலு பெண்களோடு மீன்படி அறைக்குப் போனாள்.

"குஞ்சிதம், நீ எண்ணுறத நிறுத்து."

"அது என் வேலக்கா."

"வேலதான். யாரு இல்லன்னா? ஆனா ஒன் வூட்டுலயும் ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறா. போன தடவ என்னா ஆச்சுன்னு நான் சொல்ல வேணாம். வெளிய எண்ணுறது வூட்டுக்குள்ள பலிக்கும்டி. நாங்க ஒன் நல்லதுக்குத்தான் சொல்றம்."

குஞ்சிதம் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கைகள் மடியில் கிடந்தன. போன முறை அந்த ஆறாம் மாதத்தில், மகள் போனில் அழுவதற்கு முந்தின நாள்வரை, தான் சமையலறைச் சுவரில் கரிக்கோடு போட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பட்டம்மாளுக்கு அது தெரியாது, தெரியாமலே சரியான இடத்தில் குத்திவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உல்லம் வந்தது, நின்றது, வால் கோட்டைத் தாண்டியது. குஞ்சிதத்தின் விரல் அசையவில்லை.

அன்று மத்தியானம் முழுவதும் அவள் எண்ணவில்லை. எத்தனை ஏறியது என்று யாருக்கும் தெரியாது என்ற தகவல் தெருவுக்கு வந்ததும், எங்களுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்துகொண்டது. எண்ணாததில் குறைந்தால் யார் கேட்கமுடியும்? சொம்பு வைத்திருந்தவர்கள் குடம் எடுத்துவந்தார்கள். அன்றைக்கு மட்டும் வாழைக்கொல்லையில் மூன்று குழி. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நாலு மணிக்கே குஞ்சிதம் வீட்டுக்குப் போனாள். வழக்கமாக ஆறுக்குத்தான் வருவாள் என்பதால் மகள் மங்கை எதையும் மறைத்து வைத்திருக்கவில்லை. அடுக்களையில் பித்தளைத் தவலை நிறையத் தண்ணீர் இருந்தது, டேங்கர் தண்ணீரில் வருகிற மருந்து வாடை அதில் இல்லை.

"ஏதுடி இது?"

மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "தெருவுல எல்லாரும் கொண்டாந்து தர்றாங்கம்மா. எடுத்ததுல மொத டம்ளர் புள்ளத்தாச்சிக்கின்னு. பட்டம்மா பெரியம்மாதான் மொதல்ல தந்தாங்க. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சன்." பிறகு மெதுவாக, "உப்புத்தண்ணி குடிச்சாக் காலெல்லாம் வீங்குதும்மா. இதக் குடிச்சதுக்கப்பறந்தான் உள்ள நல்லா அசையுது" என்றாள்.

உண்மைதான். எங்களில் ஒருவர்கூட அவளுக்கு ஒரு டம்ளர் ஊற்றாமல் குடித்ததில்லை. மாசமாக இருக்கிறவளுக்குக் கொடுக்காமல் தின்றால் கண்ணில் கட்டி வரும் என்பார்கள். அந்த முறையை மட்டும் நாங்கள் தவறவிடவே இல்லை. அதுதான் எங்கள் சமாதானமாகவும் இருந்தது: பிள்ளைத்தாச்சியிடமிருந்து எடுத்துப் பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கிறோம், இதில் என்ன பாவம்?

குஞ்சிதம் தவலையைப் பார்த்தாள், மகளின் வயிற்றைப் பார்த்தாள். அழுதாள் என்று சொல்கிறார்கள், நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தது, அவள் தவலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கியதைத்தான். மேலக்கோடியில் ஓர் உல்லம் மண்ணில் படுத்திருந்தது, அதன்மேல் ஈரம் மட்டும் மிச்சம். அவள் தவலையைச் சாய்த்தாள். தண்ணீர் மண்ணில் ஓடவில்லை, மீனைச் சுற்றி ஏறிக்கொண்டது. மீன் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு முழ உயரத்துக்கு எழும்பி மடுப்பக்கம் போனது.

"டேங்கர் தண்ணிய ஊத்திப் பாப்பமா?" என்று யாரோ கேட்டார்கள். ஊற்றிப் பார்த்தோம். ஒட்டவில்லை, வழிந்து மண்ணுக்குப் போனது. எடுத்த தண்ணீர்தான் ஒட்டியது. அதனால் யார் வீட்டுத் தண்ணீர் ஒட்டுகிறதோ அந்த வீடு எடுத்த வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடும். வாசலில் குடத்தோடு நின்ற ஒவ்வொருவரும் அடுத்தவர் முதலில் ஊற்றட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வந்தவள் பட்டம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, கடையில் டீக்கு வைத்திருந்த பெரிய அண்டாவைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். "பாருங்கடி, நல்லாப் பாருங்க. என்துதான் பெருசு" என்று எங்களைத் திட்டிக்கொண்டே ஊற்றினாள். அது ஒட்டியது. பிறகு சொம்பு, குடம், பிளாஸ்டிக் வாளி, பூஜையறைப் பஞ்சபாத்திரம் என்று எல்லாம் தெருவுக்கு வந்தன. ஒரு வீட்டுத் தண்ணீர்கூட ஒட்டாமல் போகவில்லை.

மறுநாள் காலையில் குஞ்சிதம் முக்காலிக்குப் போனாள். போகுமுன் மகளின் தலையில் கைவைத்து, வெகுநேரம் எடுக்காமல் நின்றாள். பிறகு எண்ண ஆரம்பித்தாள், ஆனால் வாய்விட்டு எண்ணவில்லை. ஒவ்வொரு அழுத்துக்கும் அவள் தோள் குலுங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் அவள் நினைத்திருப்பாள், இது பலித்தால் என்ன செய்வது, இது பலித்தால் என்ன செய்வது என்று. நாங்கள் தெருவில் இரண்டு பக்கமும் நின்று, தாழ்ந்து வரும் மீனுக்கு மிச்சமிருந்ததை ஊற்றிக்கொண்டிருந்தோம். பட்டம்மாள் கடையை மூடிவிட்டு மேலக்கோடியிலேயே இருந்தாள்.

மீன் வரத்து மெலிந்தது. நாளுக்கு அறுபது, பிறகு இருபது, பிறகு ஆறு. ஆடி பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு மேல் அணைக்குக் கீழே மணல் வெறுமையாக இருந்தது. மடுவிலிருந்து ஞானதுரை போன் செய்தார். நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது என்றார். முந்தின நாளே இரண்டு முறை எண்ணிப் பார்த்திருக்கிறார். அவர் குரலில் எப்போதும் இருக்கிற நிதானம் அன்று இல்லை. "இன்னொண்ணு, இன்னொண்ணு வருமாக்கா?"

"தெருவுல ஒண்ணு நிக்குது சார்" என்றாள் குஞ்சிதம்.

அதுதான் கடைசி. காலையில் படியேறியது, மெலிந்தது, கடலிலிருந்து கிளம்பும்போதே குறைவான தண்ணீரோடு கிளம்பியதோ என்னவோ, குஞ்சிதத்தின் வீட்டு வாசலுக்கு நேராக வந்து இறங்கிவிட்டது. நாங்கள் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்த்தோம். பட்டம்மாள் அண்டாவின் அடியைத் துணியால் ஒற்றி மீன்மேல் பிழிந்தாள். ஊர் முழுவதும் எடுத்ததில் மிச்சமிருந்ததெல்லாம் ஊற்றியாகிவிட்டது. குடித்ததைத் திருப்பித் தர முடியுமா? மீனின் செவுள் திறந்து மூடுவதை நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் எண்ணவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னதைவிடத் தாமதமாகத் திறந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போது உள்ளேயிருந்து மங்கை கத்தினாள். நாள் இருக்கிறது என்று நர்ஸம்மா சொல்லியிருந்த வலி அன்றைக்கே வந்துவிட்டது. குஞ்சிதத்தின் முகம் போன போக்கை நாங்கள் மறக்கமாட்டோம். "எண்ணிட்டன், எண்ணிட்டன், நாந்தான் எண்ணிட்டன்" என்று மட்டும் சொன்னாள். யாரோ நூற்றியெட்டுக்குப் போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பி, மீன் கிடந்ததால் ஐந்தடி முன்னாலேயே நின்றது. அதிலிருந்த பெண் இறங்கி ஓடிவந்து மங்கையின் தோளைப் பிடித்தாள், மறுபக்கம் குஞ்சிதம் பிடித்தாள். மூன்று பேரும் நிலைப்படியைத் தாண்டும்போது மங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பனிக்குடம் உடைந்தது.

அந்தத் தண்ணீர் படியில் இறங்கியது. முதல் நாலைந்து நாள் நாங்கள் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்த தண்ணீர், மங்கை குடித்து, பிள்ளையைச் சுற்றி நின்ற தண்ணீர், முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி இறங்கி, மண்ணில் ஒரு சொட்டும் ஊறாமல் தெருவைக் கடந்துபோய் உல்லத்தைச் சுற்றி ஏறிக்கொண்டது. மீன் உடம்பை உதறியது. மெதுவாகத் தரையை விட்டு எழும்பி, எங்கள் முழங்கால்களுக்கு நடுவே வழி பார்த்து, மேற்கே போனது. ஆம்புலன்ஸ்காரப் பெண் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவளுக்கு வேறு வேலை இருந்தது. பட்டம்மாள் மட்டும் அந்த மீனுக்குப் பக்கத்திலேயே, காக்கையை விரட்டிக்கொண்டு, இரண்டு மைலும் கூடவே நடந்தாள்.

மடுவில் ஐந்நூறு ஆனது, ஞானதுரை இரண்டாம் முறையும் எண்ணி அனுப்பியது, மேலே கையெழுத்துப் போட்டவர்கள் முழித்தது, பதினெட்டாம் பெருக்கன்று ஆறு நுரையோடு வந்து மணலை மூடியது எல்லாம் பிற்பாடு நடந்தவை. அவற்றை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெருவில் நின்ற நாங்கள் அப்போது அவற்றை நினைக்கவில்லை. மங்கையை உள்ளே ஏற்றியிருந்தார்கள், பிரசவம் நெருங்கிவிட்டதால் ஆம்புலன்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது. பின்கதவு மூடியிருந்தது. உள்ளே மங்கையின் குரல் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. குழந்தையின் சத்தம் வரவேண்டிய இடத்தில் சத்தம் வரவில்லை. நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம், இரண்டு வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள்.

பிறகு அது அழுதது.

கதவு திறந்தது. குஞ்சிதம் துணியில் சுற்றிய குழந்தையை வைத்துக்கொண்டு வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். பெண் குழந்தை. அவள் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள், எண்ணாதே என்று சொன்ன ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள். துணியை விலக்கி, அந்தச் சின்னக் கையைத் தன் கட்டைவிரலால் பிரித்தாள்.

"லாபம்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "ரெண்டு. மூணு. நாலு."

யாரும் தடுக்கவில்லை. கையில் பத்து, காலில் பத்து எண்ணினாள். எண்ணி முடித்ததும் எங்களில் சிலர் மூச்சு விட்டார்கள், மற்றவர்கள் விடவில்லை, ஏனென்றால் அவள் விதி எங்களுக்குத் தெரியும். ஒரு தடவை எண்ணியது எண்ணிக்கை இல்லை. அவள் மறுபடியும் குழந்தையின் வலது கையைப் பிரித்தாள், நாங்கள் அவளோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தோம், பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, கடைசி விரல் வரும்வரை.

ஒத்துப்போனது.